ரிசர்வில் ஓடும் கார்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

டேங்க் காலியாகும் நேரத்தில் கார் ஓட்டுவது பற்றி இந்த முறை நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஃபியூல் பம்ப் (டேங்க்கிலிருந்து இன்ஜினுக்கு எரிபொருளைத் தள்ளும் பாகம்) மாற்ற வேண்டிய நிலையில் ஒர்க்‌ஷாப்புக்கு வரும் வண்டிகளைப் பார்க்கும்போதெல்லாம், இதை விரிவாக எழுத வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். கால் டேங்க் இருந்தாலே அதைக் காலி என்று கணக்கு வைப்பது என் வழக்கம். காரணம் பதில்களில் இருக்கிறது.

மஞ்சள் லைட் எரிந்த பிறகு எத்தனை கிலோமீட்டர் தைரியமாகப் போகலாம்? (தாம்பரம்)

சின்ன கார்களில் லைட் எரியும்போது பெரும்பாலும் 5 முதல் 7 லிட்டர் மிச்சம் இருக்கும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று கையேட்டில் பாருங்கள். நகர நெரிசலில் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தரும் வண்டி என்றால் கணக்குப்படி 50 கிலோமீட்டர் வரும். ஆனால் கடைசி ஒன்றிரண்டு லிட்டரை நம்பவே நம்பாதீர்கள். வளைவில் திரும்பும்போதும் சடன் பிரேக் அடிக்கும்போதும் பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், பம்ப்புக்குக் காற்றுதான் கிடைக்கும்.

மீட்டரில் "இன்னும் 60 கி.மீ." என்று வருவது, அதுவரை நீங்கள் ஓட்டிய மைலேஜை வைத்து வண்டி போடும் கணக்கு. பைபாஸில் சீராக வந்த வண்டி ஜி.எஸ்.டி. சாலை டிராஃபிக்கில் மாட்டினால் அந்த எண் மளமளவென்று இறங்கும். லைட் எரிந்தால் அடுத்து வரும் பங்க்கில் நுழைந்துவிடுங்கள்.

பெட்ரோல் குறைவாக வைத்து ஓட்டினால் ஃபியூல் பம்ப் போய்விடும் என்கிறார் மெக்கானிக். உண்மையா, பம்ப் மாற்றவைக்கச் சொல்லும் கதையா? (மதுரை)

உண்மைதான். ஆனால் ஒருநாள் லைட் எரிய எரிய ஓட்டியதால் பம்ப் போய்விடாது.

இன்றைய இன்ஜெக்‌ஷன் (பெட்ரோலைத் தூவி இன்ஜினுக்குத் தரும்) வண்டிகளில் பம்ப் டேங்க்குக்குள்ளேயே இருக்கிறது. பல கார்களில் பின் சீட்டைத் தூக்கினால் ஒரு வட்ட மூடி தெரியும். அதைத் திறந்தால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் கூடு, அதற்குள் மோட்டார். பெட்ரோல் அந்த மோட்டாருக்கு உள்ளேயே புகுந்து, சுற்றும் ஆர்மெச்சரையும் அதற்கு மின்சாரம் கொடுக்கும் பிரஷையும் நனைத்துக்கொண்டுதான் மேலே போகிறது. மோட்டாரின் சூட்டைத் தணிப்பதும் அதுதான், தேயாமல் வழுக்கிச் சுற்றவைப்பதும் அதுதான். வேறு ஆயில் எதுவும் அங்கே கிடையாது.

டேங்க்கில் மட்டம் இறங்கினாலும் பம்ப்பைச் சுற்றிக் கொஞ்சம் பெட்ரோல் நிற்கட்டும் என்று கூட்டின் அடியில் சின்னத் தொட்டி மாதிரி ஒரு அமைப்பு உண்டு. அதனால்தான் எப்போதோ ஒரு தடவை என்றால் பயமில்லை. தினமும் 300 ரூபாய்க்குப் போட்டு, மாதம் முழுக்க ரிசர்விலேயே ஓட்டுபவர்களுக்குத்தான் இந்த எச்சரிக்கை. மட்டம் அடியிலேயே கிடந்தால் சூடு சரியாக ஆறாது. குலுங்கும்போது காற்றுக் குமிழிகள் உள்ளே போகும், அந்த நொடிகளில் மோட்டார் வறண்டு சுற்றும். இப்படித் தேய்ந்த பம்ப்பை அறுத்துப் பார்த்தால் பிரஷ் கட்டையாகியிருக்கும், அது உரசிய இடம் கருத்துப் பள்ளம் விழுந்திருக்கும்.

சாவியை ஆன் செய்ததும் பின்னாலிருந்து ஓரிரு நொடி மெல்லிய ரீங்காரம் கேட்பது சகஜம். வண்டி ஓடும்போதும் அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்டாலோ, ஏற்றத்தில் வண்டி இழுக்க மறுத்தாலோ சந்தேகப்படலாம். அப்போதும் உடனே பம்ப்பை மாற்றச் சம்மதிக்காதீர்கள். கேஜ் வைத்து பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கார்களில் பிரஷர் 3 முதல் 4 பார் (அழுத்த அளவு) வரை இருக்க வேண்டும். அது சரியாக இருந்தால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

டேங்க் அடியில் படிந்த கசடு இன்ஜினுக்குள் போகாதா? (ஈரோடு)

டேங்க் நிறைந்திருந்தாலும் பம்ப் அடியிலிருந்துதான் உறிஞ்சுகிறது. எனவே காலியாகும்போது மட்டும் புதிதாகக் கசடு வந்துவிடாது, வந்தாலும் ஃபில்டர் இருக்கிறது. துருப்பிடித்த பழைய இரும்பு டேங்க் என்றால் கவலைப்படலாம்.

எனக்குக் கவலை தண்ணீர்தான். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். காலி டேங்க்கில் ஈரக் காற்றுக்கு இடம் அதிகம், அதனால் மழைக்காலத்தில் மாதக்கணக்கில் நிறுத்திவைக்கப்போகிற வண்டியைக் காலி டேங்க்கோடு விடாதீர்கள்.

என்னுடையது டீசல் வண்டி. ஒருமுறை முழுவதும் தீர்ந்து நின்றுவிட்டது. டீசல் ஊற்றியும் ஸ்டார்ட் ஆக அரை மணி நேரம் ஆனது. ஏன்? (நாமக்கல்)

லைனில் ஏர் ஏறியிருக்கும். ஃபில்டர் மேல் இருக்கும் ஹேண்ட் பம்ப்பை, கைக்குக் கெட்டியாகும்வரை அமுக்கி ஏர் எடுத்த பிறகுதான் கிராங்க் செய்ய, அதாவது ஸ்டார்ட்டரைச் சுற்றவைக்க வேண்டும். ஹேண்ட் பம்ப் இல்லாத வண்டிகளில் சாவியைப் பலமுறை ஆன் செய்து அணைக்கும் முறையோ, சர்வீஸ் சென்டரின் ஸ்கேனரோ தேவைப்படும்.

டீசல் கார் வைத்திருப்பவர்கள் இதில் விளையாடவே கூடாது. காமன் ரெயில் இன்ஜினின் (எல்லா இன்ஜெக்டர்களுக்கும் 'ரெயில்' என்ற ஒரே குழாயிலிருந்து டீசல் போகும் வகை) ஹை பிரஷர் பம்ப் 1,500 பாருக்கும் மேலான அழுத்தத்தில் வேலை செய்கிறது, அதற்கு உயவும் டீசல்தான். டீசல் இல்லாமல் சுற்றினால் உலோகம் உலோகத்தோடு உரசும். உதிரும் பொடி ரெயிலுக்கும் இன்ஜெக்டர்களுக்கும் போனால் பம்ப், ரெயில், இன்ஜெக்டர் எல்லாவற்றையும் மாற்ற நேரும். செலவு சாதாரணமாக லட்சத்தைத் தொடும். ஸ்டார்ட் ஆகவில்லை என்று திரும்பத் திரும்ப கிராங்க் செய்வதும் அந்தப் பம்ப்பைத்தான் வறண்டு சுற்றவைக்கிறது. இரண்டு முறைக்கு மேல் முயலாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

வால்பாறை ஏறும்போது முள் பாதிக்கு இறங்கியது, சமதளத்தில் மறுபடி ஏறியது. மீட்டர் கோளாறா? கீழே இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சமாகுமா? (பொள்ளாச்சி)

மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. டேங்க்கில் ஒரு மிதவைதான் அளவு காட்டுகிறது. வண்டி சாய்ந்தால் பெட்ரோல் ஒதுங்கும், மிதவையும் கூடவே போகும். பம்ப்பின் வாய்க்கும் இதே கதிதான், அதனால்தான் சமதளத்தில் ஓடும் பெட்ரோலில் மலையில் வண்டி திணறுகிறது. 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதை அது. பொள்ளாச்சியிலேயே நிரப்பிக்கொண்டு ஏறுங்கள்.

நியூட்ரல் மட்டும் வேண்டவே வேண்டாம், தயவுசெய்து. கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டர்கள் மூடிக்கொள்ளும், சக்கரமே இன்ஜினைச் சுற்றும், பெட்ரோல் செலவே இல்லை. நியூட்ரலில்தான் இன்ஜின் ஐடிலில் ஓட பெட்ரோல் கேட்கும். அதோடு முழுச் சுமையும் பிரேக்கில் விழுந்து, சூடேறி, பிரேக் பிடிக்காமல் போகும். சிலர் இன்ஜினையே அணைத்துவிடுகிறார்கள். அப்போது ஓரிரு முறை அமுக்கியதும் பிரேக் பெடல் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் இறுகிவிடும். ஏற்றத்துக்கு எந்த கியரோ இறக்கத்துக்கும் அதே கியர்.

சி.என்.ஜி. கார்தானே, பெட்ரோல் எதற்கு? (அம்பத்தூர்)

பல வண்டிகள் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகித்தான் சி.என்.ஜி.க்கு மாறும். வெளியில் கிட் போட்ட சில வண்டிகளில் சி.என்.ஜி.யில் ஓடும்போதும் பெட்ரோல் பம்ப் சுற்றிக்கொண்டே இருக்கும். கால் டேங்க் எப்போதும் இருக்கட்டும்.

கையேட்டில் 37 லிட்டர் டேங்க் என்று இருக்கிறது. பங்க்கில் 39 லிட்டர் போட்டதாக பில் தந்தார்கள். மோசடியா? (சேலம்)

அதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. கையேட்டு அளவுக்கு மேல் கழுத்துக் குழாயிலும், ஆவிக்காக விட்ட காலி இடத்திலும் பெட்ரோல் பிடிக்கும். சந்தேகம் என்றால் பங்க்கில் 5 லிட்டர் அளவுக் குவளை வைத்திருப்பார்கள், அளந்து காட்டச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் பெட்ரோல் குழாய் தானாக நிற்கும் முதல் கட்-ஆஃபுக்குப் பிறகு "ரவுண்டாகப் போடுங்க" என்று சொல்லாதீர்கள். வழியும் பெட்ரோல், ஆவியைப் பிடிக்கும் கரி டப்பாவுக்குள் போய் அதைக் கெடுத்துவிடும்.

அரை டேங்க்குக்கு மேல் போட்டால் எடை கூடி மைலேஜ் குறையும் என்கிறார்களே? (திருநெல்வேலி)

20 லிட்டர் பெட்ரோலின் எடை 15 கிலோ சொச்சம். அந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியாது.

நான்கு வழிச்சாலையில் பெட்ரோல் தீர்ந்து வண்டி திணற ஆரம்பித்தால் என்ன செய்வது? (விழுப்புரம்)

திணறத் தொடங்கியதுமே ஹசார்ட் போட்டு இடது ஓரத்துக்கு வந்துவிடுங்கள். உருளும் வேகம் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். இன்னும் கொஞ்சம் போகலாம் என்று இழுக்காதீர்கள். இன்ஜின் விட்டுவிட்டு ஓடி மிஸ்ஸிங் ஆகும்போது எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பக்கம் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிக் கெடுக்கும்.

வண்டியில் இருப்பவர்கள் எல்லோரும் இடப்பக்கமாக இறங்கி, கம்பித் தடுப்புக்கு வெளியே போய் நிற்க வேண்டும். குழந்தைகளை உள்ளே உட்கார வைக்காதீர்கள். முக்கோணப் பலகையை வண்டிக்குப் பின்னால் நன்றாகத் தள்ளி வையுங்கள். தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033, இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம். இன்சூரன்ஸோடு ரோட்சைடு அசிஸ்டன்ஸ் எடுத்திருந்தால் அவர்களும் பெட்ரோல் கொண்டுவருவார்கள்.

ஒரு லிட்டர் ஊற்றினால் சாய்வான ஓரத்தில் அது பம்ப்புக்கு எட்டாமல் போகலாம். 4, 5 லிட்டராவது ஊற்றுங்கள். பிறகு சாவியை ஆன் செய்து, இரண்டு மூன்று நொடி விட்டு அணைத்து, இப்படி நான்கு தடவை செய்த பின் ஸ்டார்ட் பண்ணுங்கள். லைனில் பிரஷர் ஏறியிருக்கும், வண்டி பிடித்துக்கொள்ளும்.