ஷிப்ட் வேலைக்கு நடுவே எந்தக் குறுகிய படிப்பு?

கேள்வி: ஆரம்பாக்கத்தில் இருக்கிறேன். பி.எஸ்சி. இயற்பியல் முடித்து, எல்லை தாண்டி ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் காண்ட்ராக்ட் வேலை. வாராவாரம் ஷிப்ட் மாறும். 45,000 ரூபாய்க்கு ஆறு மாத குவாலிட்டி டிப்ளமோ தருவதாக ஒரு தனியார் மையம் சொல்கிறது. சேரலாமா?

பதில்: இப்போதைக்குப் பணம் கட்டாதீர்கள். முதலில் உங்கள் லைன் லீடரையும் எச்ஆரையும் கேளுங்கள், நிரந்தர வேலைக்கு ஆள் எடுக்கும்போது இந்த டிப்ளமோவை யாராவது பார்க்கிறார்களா என்று. இல்லை என்றால், அந்த வேலைக்கு எது தெரிந்திருக்க வேண்டும் என்று அவர்களிடமே கேட்டுவிடுங்கள். உங்கள் பிரிவில் பெரும்பாலும் எஸ்பிசி (உற்பத்தி சீராகப் போகிறதா என்று அளவுகளைப் புள்ளியியல் முறையில் கண்காணிப்பது), ஏழு க்யூசி கருவிகள் (தரப் பிரச்சினையைக் கண்டுபிடிக்க உதவும் சார்ட், வரைபட முறைகள்), எக்செல் என்றுதான் சொல்வார்கள்.

எஸ்பிசியையே எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கொரு முறை ஐந்து பீஸ் எடுத்து, மைக்ரோமீட்டரில் விட்டம் பார்த்து, சராசரியையும் கூடுதல் குறைவுக்கு இடையே உள்ள வித்தியாசத்தையும் சார்ட்டில் குறிக்கிறீர்கள் இல்லையா, அதில் ஸ்பெக் லிமிட் டிராயிங்கிலிருந்து வருவது, கன்ட்ரோல் லிமிட் உங்கள் மெஷின் உண்மையில் தந்த அளவுகளிலிருந்து கணக்கிட்டு வருவது. இன்டர்வியூவில் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். எல்லாப் புள்ளியும் கன்ட்ரோல் லிமிட்டுக்குள் இருந்தாலும், தொடர்ந்து ஏழெட்டுப் புள்ளி நடுக்கோட்டுக்கு ஒரே பக்கம் விழுந்தால் டூல் தேய்கிறதா, செட்டிங் நகர்ந்ததா என்று பார்க்க வேண்டும். இதை உங்கள் லைன் சார்ட்டையே வைத்து விளக்கத் தெரிந்தால் போதும், பாதி வேலை முடிந்தது.

இதைப் படிக்க என்பிடெல் பாருங்கள். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் ஆன்லைன் படிப்புகள், மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில் இருக்கின்றன. 4, 8, 12 வாரப் படிப்புகள், ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். படிக்கக் கட்டணம் கிடையாது, சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் தேர்வுக் கட்டணம். அது உங்கள் மையம் கேட்கும் தொகைக்குப் பக்கத்திலேயே வராது. மத்திய அரசின் திட்டம் என்பதால் தமிழ்நாடா ஆந்திராவா என்ற கேள்வியே எழாது.

நைட் ஷிப்ட் வாரத்தில் அசைன்மென்ட் விட்டுப்போகுமே என்று பயப்பட வேண்டாம், 12 வாரப் படிப்பில் நல்ல மதிப்பெண் வந்த 8 அசைன்மென்ட்டைத்தான் கணக்கில் எடுப்பார்கள். அது 25 மதிப்பெண், நேரில் போய் எழுதும் தேர்வு 75. இரண்டிலும் தனித்தனியாகக் குறைந்தபட்சம் வாங்க வேண்டும். தேர்வு வார இறுதியில் வரும், தேதி தெரிந்ததும் லீவு சொல்லிவிடுங்கள், காண்ட்ராக்ட் ஆளுக்குக் கடைசி நேரத்தில் லீவு கிடைப்பது கஷ்டம்.

அப்புறம், பின்னாளில் மேலே படிக்கும் எண்ணம் இருந்தால் அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் (படித்த படிப்புகளின் கிரெடிட்டைச் சேர்த்துவைக்கும் ஆன்லைன் ஏற்பாடு) கணக்கு ஒன்று தொடங்கிவையுங்கள். ஆனால் எந்தக் கிரெடிட்டை ஏற்பது என்பது சேரும் பல்கலைக்கழகத்தின் முடிவு, தானாக வந்துவிடும் என்று இருக்காதீர்கள்.

இதெல்லாம் முடித்த பிறகும் அந்த மையத்தில் சேரத் தோன்றினால், சான்றிதழ் தருவது யார், அதன் என்எஸ்க்யூஎஃப் (திறன் படிப்புகளை நிலைவாரியாக வகைப்படுத்தும் தேசியக் கட்டமைப்பு) நிலை என்ன என்று எழுத்தில் கேட்டு வாங்கி, அங்கீகரிக்கப்பட்ட படிப்புகளின் பட்டியலான தேசியத் தகுதிப் பதிவேட்டில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள். இல்லையென்றால் கட்ட வேண்டாம்.