வாரத்தில் மூன்று நாள் வேலை: மண்டபம் ஊரிலிருந்து எழுதிய ஒரு தாய்க்கு

அம்மாவுக்கு வணக்கம்.

பி.காம். முடித்த உங்கள் மகள் ராமேஸ்வரத்தில் ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பில் வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் வேலை பார்க்கிறாள், முழு வேலை தேட அவளுக்கு மனமில்லை, நான் புத்தி சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அவளைத் திட்டுவதற்கு முன்பு வீட்டுக்குள்ளேயே ஒரு கணக்கைப் பாருங்கள். உங்கள் கணவர் போகும் விசைப்படகும் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகிறது. மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வேறு. அவரை யாரும் சோம்பேறி என்பதில்லையே.

கூடுதலாக உழைக்கத் தயாராக இருந்தும் வேலை கிடைக்காமல் குறைந்த நேரத்தோடு நிற்பவர்களைப் புள்ளிவிவரத் துறையினர் தனியாகவே எண்ணுகிறார்கள். அமெரிக்காவில் வாரம் 35 மணி நேரத்துக்குக் குறைவாக உழைப்பவர்களிடம் காரணம் கேட்பார்கள். தொழில் மந்தம், முழு நேர வேலை அகப்படவில்லை என்பவர்கள் ஒரு பட்டியல். படிப்புக்காகவோ பிள்ளைக்காகவோ தாமே நேரத்தைக் குறைத்துக்கொண்டவர்கள் வேறு பட்டியல். மனமில்லை என்று நீங்கள் நினைத்தாலும், உங்கள் மகள் முதல் பட்டியல் என்றுதான் எனக்குப் படுகிறது.

விடுதிக்காரருக்கு ஏன் மூன்று நாள் போதும்? ராமேஸ்வரத்துக்குக் கூட்டம் சீராக வருவதில்லை. சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை, ஆடி அமாவாசை, தை அமாவாசை என்று மொத்தமாக வந்து இறங்கும். இடையில் அறைகள் காலியாகக் கிடக்கும். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் போக்குவரத்து நின்றது, 2025 ஏப்ரலில்தான் புதிய பாலம் திறந்தது. ஆளைக் குறைத்தே சமாளித்துப் பழகிய முதலாளி, ரயில் வந்த மறுநாளே முழுச் சம்பளத்துக்கு ஆள் எடுப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். நண்டுச் சதை எடுக்கும் கம்பெனிகளும் அப்படித்தான். நண்டு வந்தால் வேலை, வராவிட்டால் வீடு.

இது ஊரின் இயல்பு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. வேண்டுமென்றே நேரத்தைக் குறைக்கிறவர்களும் இருக்கிறார்கள். 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. அந்தக் கணக்கு நிரம்பிவிடாதபடி இடையில் நிறுத்திவைத்து மறுபடி கூப்பிடுவது பழைய தந்திரம். பருவகால நிறுவனம் என்றால் அந்தச் சட்டமே பொருந்தாது. அமெரிக்காவிலும் பெரிய நிறுவனங்கள் வாரம் 30 மணி நேரம் உழைப்பவருக்கு மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்ற விதி வந்தபின், 29 மணியோடு நிறுத்தப் பார்த்த முதலாளிகள் உண்டு.

பள்ளியில் பகுதிநேர ஆசிரியர் வேலை வந்தால் சேரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 2012இல் ஓவியம், உடற்கல்வி, கணினி போன்ற பாடங்களுக்கு 16,549 பேரை அரசு எடுத்தது. வாரம் மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். சம்பளம் பிறகு படிப்படியாக ஏறியது உண்மைதான். ஆனால் பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. இன்று வரும், நாளை வரும் என்று காத்திருந்ததில் மற்ற தேர்வுகளுக்கான வயது கடந்துபோனவர்கள் இருக்கிறார்கள். முதலாளியின் கஞ்சத்தனத்தைவிட இந்த நம்பிக்கைதான் ஆளை நீண்ட நாள் கட்டிப்போடுகிறது என்பேன். அதனால் சேரலாம், நிரந்தரமாகும் என்று எண்ணிச் சேர வேண்டாம்.

உங்கள் மகளின் சிக்கலில் எனக்குப் பெரிதாகப் படுவது மூன்று நாள் என்பது அல்ல. எந்த மூன்று நாள் என்று அவளுக்குத் தெரியாது. முதல் நாள் இரவு போன் வந்தால் காலையில் பஸ் ஏற வேண்டும். ஆகவே மீதி நான்கு நாளும் அவள் கையில் இல்லை. இன்னோர் இடத்தில் சேர்ந்தால், அங்கே போக வேண்டிய நாளில் இங்கே கூப்பிடுவார்கள், இரண்டும் போய்விடும். பயிற்சி வகுப்பில் சேர்ந்தாலும் பாதி வகுப்பு போகும். மூன்று நாள் சம்பளத்துக்கு அவள் ஏழு நாளைக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். வெளியிலிருந்து பார்க்கும் உறவுக்காரர்களுக்கு அது சும்மா இருப்பதாகத் தெரிகிறது.

எனவே சம்பள உயர்வு கேட்பதற்கு முன்பு அவள் நாள் பட்டியலைக் கேட்கட்டும். மாதத் தொடக்கத்திலேயே எந்தெந்த நாள், எத்தனை மணி வரை என்று எழுதித் தரச் சொல்லட்டும். அமாவாசையும் விடுமுறையும் நாட்காட்டியில் இருப்பவைதானே, விடுதிக்காரருக்கு இதில் கஷ்டம் ஒன்றுமில்லை. தந்துவிட்டால் மீதி நாட்களில் ஒரு கணக்கர் அலுவலகத்தில் ஜி.எஸ்.டி., டேலி வேலைக்குப் போகலாம், பி.காமுக்கு வரவேற்பு மேசையைவிட அந்த அனுபவம்தான் உதவும். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சுத் தேர்வில், குறைந்தது ஒன்றில் உயர்நிலையில், தேறிவைத்தால் குரூப் 4 தட்டச்சர் பணிக்கும் வழி திறக்கும். அரசுத் தேர்வுகளுக்கு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பு நடக்கும். ராமநாதபுரம் போகும்போது நேரில் விசாரித்துவிட்டு வரட்டும்.

பட்டியல் தர மறுத்தால் அந்த வேலையை விடலாம். ஆனால் அடுத்தது கையில் வந்த பிறகு.

இன்னொன்று. விடுதியில் 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால், பகுதிநேரம் என்று சொல்லி வருங்கால வைப்பு நிதியை மறுக்க முடியாது. அவளுக்கு அதற்கான கணக்கு எண் தந்திருக்கிறார்களா என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். இதுவரை வேலை செய்த நாட்களைத் தேதியோடு ஒரு நோட்டில் இன்றே எழுதிவைக்கச் சொல்லுங்கள். வருகைப் பதிவேடு அவர்கள் கையில்தான் இருக்கும்.