சின்னத்தில் கப்பல்: காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது?

கேள்வி: எங்கள் படகுக் கழகத்துக்குக் கேடயச் சின்னமும் கொடியும் வரைகிறோம். மூன்று பாய்மரம் வைத்த கப்பல் போட ஆசை. கப்பல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்? அதன் உச்சிக் கொடிகள் எந்தப் பக்கம் பறக்க வேண்டும்?

பதில்: உச்சிக் கொடியிலிருந்தே தொடங்குவோம். பலரும் தவறுவது அங்கேதான். கப்பல் முன்னே போகிறது, ஆகவே கொடி பின்னால் பறக்கும் என்று கை தானாக வரைந்துவிடும். ஆனால் பாய் முன்பக்கம் புடைத்திருந்தால், காற்று பின்னாலிருந்து அடிக்கிறது என்று அர்த்தம். பாயைத் தள்ளும் அதே காற்றுதான் கொடியையும் தள்ளும். எனவே கொடியும் முன்னோக்கியே பறக்க வேண்டும். பாய் ஒரு பக்கம், கொடி எதிர்ப்பக்கம் என்றிருந்தால் கடல் தெரிந்தவர் கண்ணில் உடனே உறுத்தும். பாயைச் சுருட்டிக் கட்டி, துடுப்புப் போட்டுச் செல்லும் கப்பல் என்றால் மட்டும் கொடி பின்னால் பறக்கலாம்.

கேடயத்தில் கப்பலின் முன்முனை, கேடயம் ஏந்தியவரின் வலப்பக்கம், அதாவது பார்ப்பவருக்கு இடப்பக்கம், நோக்குவது வழக்கம். கொடியில் கப்பல் கம்பத்தை நோக்கி இருக்க வேண்டும். ஒற்றைத் துணியில் அச்சிட்டால் மறுபுறம் படம் இடவலம் மாறும். கப்பல் அப்போதும் கம்பத்தையே பார்க்கும். எழுத்துதான் கெட்டுப்போகும், ஆகவே கழகத்தின் பெயரைக் கொடியில் போட வேண்டாம்.

மூன்று பாய்மரம் வேண்டாம், ஒன்றே போதும் என்பேன். ஸ்காட்லாந்துச் சின்னங்களில் வரும் 'லிம்ஃபாட்' ஒற்றைப் பாய்மரத் துடுப்புக் கப்பல். 'நீண்ட கப்பல்' என்ற கேலிக் மொழிச் சொல்லிலிருந்து வந்த பெயர். ஆர்கைல் பிரபுக்களின் கேடயத்தில் அது வெள்ளைத் தளத்தில் கறுப்புக் கப்பல், சுருட்டிய பாய், இயங்கும் துடுப்புகள், சிவப்புக் கொடிகள். எவ்வளவு தூரத்திலிருந்தும் அடையாளம் தெரியும்.

ஒரு சோதனை செய்யுங்கள். 2.25 × 1.5 செ.மீ. கட்டத்துக்குள் கொடியை வரைந்து, 50 செ.மீ. தள்ளி வைத்துப் பாருங்கள். 135 × 90 செ.மீ. கொடி 30 மீட்டர் தூரத்தில் இந்த அளவில்தான் தெரியும். கொடியில் 1 செ.மீ. தடிமனுள்ள பாய்க்கயிறு இங்கே 0.17 மி.மீ. கோடு, ஏறக்குறைய காணாமலே போய்விடும். கயிறு, ஏணி, பலகை இடுக்கு எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். பாய்மரத்துக்கு 5 செ.மீ.யாவது தடிமன் கொடுங்கள்.

நிறத்தில், வெள்ளையும் (வெள்ளி) மஞ்சளும் (பொன்) உலோக வகை. சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு நிற வகை. ஒரே வகையில் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் உருவம் மங்கும். நீலக் கடல்மேல் பழுப்பு மரக்கலம் வரைவது இயற்கைதான், ஆனால் தூரத்தில் அது வெறும் இருட்டுத் திட்டு. மரக்கலத்தை மஞ்சளாக்குங்கள்.

சின்னத்தின் எழுத்து வர்ணனையில் பாய்மர எண்ணிக்கை, பாய் விரிந்ததா சுருட்டியதா, துடுப்பு உண்டா, உடல், பாய், கொடி ஒவ்வொன்றின் நிறம் என எல்லாவற்றையும் குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஓவியர் வேறு கப்பல் வரைவார்.