சுகலும் பராஹாவும்

அன்புள்ள ஐயா,

தோஹாவில் பிலிப்பினோக்களோடு ஒரே அறையில் இருக்கிறேன். சப்பாத்தை அவர்கள் ‘சபாத்தோஸ்’ என்கிறார்கள், துவாயை ‘துவால்யா’, மேசையை ‘மேசா’. முகம்கூட ‘முக்ஹா’தான். எங்கள் யாழ்ப்பாணத்துச் சொற்கள் அங்கே போயினவா? எல்லாம் ஸ்பானியம் என்கிறார்கள். அப்படியானால் அவர்கள் பேசும் தகலோக் மொழியில் எத்தனை சதவீதம் ஸ்பானியம்? முந்நூறு வருடம் ஆளப்பட்டும் ஏன் ஸ்பானியம் பேசவில்லை? ஸ்பானியத்தில் ‘நிச்சயம்’ என்றிருக்கும் ‘சிகுரோ’வை இவர்கள் ‘ஒருவேளை’ என்கிறார்கள். வாங்கிய சொல்லை இப்படிச் சிதைக்கலாமா?

வாசகர், தோஹா

அன்புள்ள நண்பருக்கு,

சப்பாத்தும் துவாயும் யாழ்ப்பாணத்திலிருந்து எங்கும் போகவில்லை. உங்களுக்குப் போர்த்துகேயர் தந்தவற்றை அங்கே ஸ்பானியர் தந்தார்கள். முக்ஹா வேறு வழி: சமஸ்கிருதத்திலிருந்து மலாய் மூலமாக வந்தது. ஆசிரியரைக் குறிக்கும் ‘குரோ’வும் அப்படித்தான்.

சதவீதத்தை விடுங்கள். மணி ஐந்து என்பதை ‘அலஸ் சிங்கோ’ என்று ஸ்பானியத்தில் சொல்பவர், பிள்ளைகள் ஐந்து பேர் என்னும்போது ‘லிமா’ என்கிறார். இதை எந்தக் கணக்கில் அடைப்பீர்கள்?

என் கண் நின்றது சபாத்தோஸின் கடைசி எழுத்தில். ஒரு சொல் எப்போது, எவர் வாயிலிருந்து வந்தது என்பதை அதன் ஒலியே எவ்வளவு தூரம் காட்டிக்கொடுக்கும் என்று கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். இந்தோனேசியாவில் அதே பொருளுக்கு ‘செபாத்து’. அது போர்த்துகேயம், வாலில் ஸ் கிடையாது. தகலோக்கில் உள்ள ஸ் ஸ்பானியப் பன்மை. சோடியாகவும் குவியலாகவும் விற்கும் பொருள்களின் பெயரைப் பன்மையில் கேட்டு, அதையே ஒருமையாக வைத்துக்கொண்டார்கள். வெங்காயம் ‘சிபுயாஸ்’. ஒரே ஒரு ஆப்பிளும் ‘இசாங் மன்சானாஸ்’தான்.

இதைவிட நுட்பமானது ஹோத்தா (J) என்னும் ஸ்பானிய எழுத்து. இன்று அது தொண்டையில் உரசி வரும் ஹ. ஸ்பானியத் தளபதி லெகாஸ்பி 1565இல் பிலிப்பைன்ஸின் செபு தீவில் இறங்கிய காலத்தில் ஏறக்குறைய ஷ. தொண்டைக்கு இறங்கி நிலைத்தது 17ஆம் நூற்றாண்டில்தான். தகலோக்கில் ஷ இல்லாததால் ஸ போட்டுக்கொண்டார்கள். இன்றைய ஸ்பானியர் ‘ஹுகார்’ என்று சொல்லும் ‘விளையாடு’ என்ற வினை, அங்கே ‘சுகல்’, அதாவது சூதாட்டம், ஆனது இப்படித்தான். (கடைசி ர், ல் ஆனது தகலோக் நாக்கின் வேலை. சர்க்கரையும் ‘அசுகல்’தான்.) ஆனால் சீட்டுக்கட்டு ‘பராஹா’, பயணம் ‘பியாஹே’, வியாழக்கிழமை ‘ஹுவேபெஸ்’. ஒரே மேசையில் சூதுக்குப் பழைய ஒலி, சீட்டுக்குப் புதிய ஒலி!

உடனே சூது முதலில் வந்தது, சீட்டு பின்னால் வந்தது என்று வரலாறு எழுதக் கிளம்பிவிடாதீர்கள். ஸ்பானியர் வாயிலிருந்து காதில் விழுந்துகொண்டே இருந்த சொல், பிறகு புதிய ஒலிக்கு மாறியிருக்கலாம். கிழமைப் பெயர்களைப் பாதிரியார்கள் வாராவாரம் சொல்லியிருப்பார்களே. ஆகவே ஸ பழமைக்குச் சான்று. ஹ புதுமைக்குச் சான்றாகாது. பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

இன்னொரு பொறி ‘சபோன்’, அதாவது சோப்பு. ஸ்பானியத்தில் ‘ஹபோன்’, பழைய உச்சரிப்பில் ‘ஷபோன்’. அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் அரபு வழி வந்த ‘சாபுன்’ மலாயில் இருக்கிறது. இரண்டு வாசல் உள்ள சொல்லைச் சாட்சிக் கூண்டில் ஏற்றக் கூடாது.

இனி, சிதைவு. இந்தச் சொல்லை எழுதுமுன் உங்கள் வீட்டு யன்னலையும் குசினியையும் ஒரு தடவை எண்ணிப் பார்த்திருக்க வேண்டாமா? போர்த்துகேயரின் ‘ஜனேலா’வையும் ‘கொசின்யா’வையும் நீங்கள் என்ன செய்தீர்கள்? வாங்கிய பிறகு சொல் வாங்கியவருடைய இலக்கணத்துக்குத்தான் கட்டுப்படும். ‘த்ரபாஹோ’ என்றால் வேலை. ‘நக்த்ரபாஹோ’, வேலை செய்தார். செய்துகொண்டிருக்கிறார் என்றால் அசையை இரட்டித்து ‘நக்தத்ரபாஹோ’. இரட்டித்தது ‘த்ர’ அல்ல, வெறும் ‘த’. தகலோக்கின் சொந்த அசை ஒற்றை மெய்யில்தான் தொடங்கும் என்பதால் ர் வெளியே நிற்கிறது. எந்த ஸ்பானியரும் இதைச் சொல்லித்தரவில்லை. அதோடு ஒப்பிட்டால் ‘சிகுரோ’வின் பொருள் மாறியது சின்ன விஷயம்.

ஏன் ஸ்பானியம் பேசவில்லை? பாதிரியார்களே உள்ளூர் மொழிகளைக் கற்றுக்கொண்டார்கள். 1593இல் மணிலாவில் அச்சான ‘தொக்த்ரீனா கிறிஸ்தியானா’ என்ற கிறிஸ்தவப் போதனை நூல் தகலோக்கிலும் இருந்தது. ஸ்பானியம் கற்பிக்கும் அரசுப் பள்ளிகளுக்கு ஆணை பிறந்தது 1863இல். 1898இல் ஆட்சியே போய்விட்டது. இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

உங்களோடு சம்போவாங்கா நகரத்துக்காரர் யாராவது இருந்தால் சவகானோ பேசச் சொல்லிக் கேளுங்கள். அது ஸ்பானியச் சொற்களாலேயே எழுந்த கலப்பு மொழி. ஸ வரும் சொற்களையும் ஹ வரும் சொற்களையும் தனித்தனியாகக் குறித்து அனுப்புங்கள், ஒவ்வொன்றையும் மலாய் அகராதியில் தேடிப் பார்த்துவிட்டு.