பூனை, நாய் இருக்கிற வீட்ல கிறிஸ்துமஸ் கேக்டஸ்: உங்க கேள்விகளுக்கு பதில்

கேள்வி: அக்கா, என் பூனை கிறிஸ்துமஸ் கேக்டஸை கடிச்சு ரெண்டு துண்டு முழுங்கிடுச்சு. விஷமா? கை காலே ஓடல.

பதில்: பயப்படாதீங்கமா, இது பூனைக்கும் நாய்க்கும் விஷம் இல்ல, அமெரிக்காவோட ஏஎஸ்பிசிஏங்கிற விலங்கு நல அமைப்போட லிஸ்ட்லயும் விஷமில்லாத செடின்னுதான் இருக்கு. நார் இருக்கிறதால நிறைய தின்னா வாந்தி, பேதி வரலாம், பெரும்பாலும் தானா அடங்கிடும். வாந்தி நிக்கவே இல்ல, சாப்பிடாம சுருண்டு கிடக்குதுன்னா இங்க கேட்டுட்டு இருக்காம நேரா கால்நடை டாக்டர்கிட்ட தூக்கிட்டு போங்க.

கேள்வி: கள்ளின்னா முள் குத்தாதா? நாய்க்குட்டி எதைப் பாத்தாலும் வாயில வைக்குது.

பதில்: இது பாலைவனக் கள்ளி இல்லைங்க, பிரேசில் மலைக்காட்டுல மரக்கிளை மேல வளர்ற ஜாதி. குத்துற முள் கிடையாது, தட்டை தட்டையா கண்ணி கோத்த தண்டுதான்.

கேள்வி: நான் வாங்கினதுக்கு தடிச்ச இலை, குட்டிக்குட்டியா கொத்துப் பூ. இதுவும் அதானே?

பதில்: இல்லப்பா, நீங்க சொல்றத வச்சுப் பாத்தா கலாஞ்சோங்கிற வேற செடி மாதிரி இருக்கு, அதை தின்னா இதயத்தையே பாதிக்கும், உடனே எட்டாத இடத்துக்கு மாத்துங்க, முடிஞ்சா வீட்டை விட்டே அனுப்பிடுங்க. பண்டிகை சீசன்ல எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு விக்கிறாங்க, எனக்கு கவலையே அதான். தண்டை உடைச்சா வெள்ளைப் பால் வடிஞ்சா அது பெரும்பாலும் யூஃபோர்பியாங்கிற செடி வகை, வாயும் கண்ணும் எரியும். பூனை இருக்கிற வீட்ல லில்லி பொக்கே வேண்டவே வேண்டாம், மகரந்தத்தை நக்கினாலே கிட்னி போயிடும்.

கேள்வி: மாவுப்பூச்சி வந்திருக்கு, மண்ணுல போடற குருணை மருந்து ஓகேவா?

பதில்: செடி கடிபடுற வீட்ல அது வேண்டாம்ங்க, மருந்து வேர் வழியா தண்டு பூரா ஏறிடும், அப்புறம் விஷமில்லாத செடின்னு நம்பி என்ன பிரயோஜனம். காட்டன் பட்ஸை ஆல்கஹால்ல நனைச்சு கண்ணி இடுக்குல பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கிறத ஒவ்வொண்ணா துடைச்சு எடுங்க, காயற வரைக்கும் பூனையை கிட்ட விடாதீங்க.

கேள்வி: பூனை தொட்டியை டாய்லெட் ஆக்கிடுச்சு!

பதில்: மண்ணு மேல பெரிய கூழாங்கல்லா பரப்புங்க. கொக்கோ கொட்டைத் தோல் மட்டும் போடாதீங்க, சாக்லேட்ல இருக்கிற தியோப்ரோமின் அதுலயும் இருக்கு, நாய்க்கு ஆபத்து. தேங்காய் நார்னா பரவால்ல.

கேள்வி: பூனைக்கு பயந்து உயரத்துல தொங்க விட்டேன், மொட்டெல்லாம் கொட்டிடுச்சு.

பதில்: மொட்டு வச்சப்புறம் இடம் மாத்தினா கொட்டத்தான் செய்யும். அடுத்த தடவை மொட்டு வர்றதுக்கு முன்னாடியே தொங்க விட்டுட்டு, ஒரு 6 வாரம் தினமும் ராத்திரி 13, 14 மணி நேரம் லைட் வெளிச்சமே படாம பாத்துக்கோங்க, ராத்திரி கொஞ்சம் குளிர்ச்சியா இருந்தா இன்னும் நல்லது. பூனை உடைச்சுப் போட்ட துண்டை தூக்கிப் போடாதீங்க, ரெண்டு மூணு கண்ணி இருந்தா வெட்டு வாய் காஞ்சதும் மண்ணுல சொருகுங்க, வேர் விட்டுடும்.