பெயிண்ட் அடித்த சுவரில் உப்புப் பூக்கிறதே?

கேள்வி: பொங்கலுக்கு முன்னால்தான் காம்பவுண்டு சுவருக்குப் பெயிண்ட் அடித்தோம். மாசி பிறப்பதற்குள் கீழே 2 அடி உயரத்துக்கு வெள்ளை வெள்ளையாகப் பொரிந்து, கை வைத்தால் மாவாகக் கொட்டுகிறது. தண்ணீர் அடித்துக் கழுவினால் போய்விடுகிறது, நாலு நாளில் திரும்ப வந்துவிடுகிறது. ஆசிட் ஊற்றிக் கழுவிவிட்டு வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்துவிடலாம் என்கிறார் பெயிண்டர். செய்யலாமா?
– விளாங்குடி வாசகி

பதில்: இரண்டும் வேண்டாம் அம்மா. கழுவினால் போய்விடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது எங்கேயும் போகவில்லை, தண்ணீரில் கரைந்து சுவருக்குள்ளேயே திரும்பப் போய் உட்கார்ந்திருக்கிறது. மண்ணிலும் செங்கலிலும் சிமெண்டிலும், பூச்சுக்குக் குழைத்த போர் தண்ணீரிலும் உப்பு கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். ஐப்பசி கார்த்திகை மழையில் அடிச்சுவர் ஊறுகிறது, தை மாசி வெயிலில் அந்த ஈரம் வெளியே வந்து ஆவியாகிறது, கூட வந்த உப்பு மட்டும் மேலே தங்கிவிடுகிறது. பொங்கலுக்கு அடித்த பெயிண்ட் மாசிக்குள் பொரிவது இதனால்தான், பெயிண்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

இதன் மேல் காற்றுப் போகாத பெயிண்டை அடித்தால் உப்பு வெளியே வர வழியில்லாமல் தோலுக்கு அடியிலேயே படிகமாகும். சோடியம் சல்பேட் என்று ஒன்று உண்டு, காய்ந்து கிடக்கும்போது சாதுவாக இருக்கும், ஈரம் கிடைத்தால் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு 3 மடங்குக்கும் மேலே பருத்துவிடும். பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பி, அப்புறம் பூச்சே பத்தை பத்தையாக விழுவது அந்த வேலைதான். ஆசிட் கதையும் அப்படித்தான்: அது சிமெண்டை அரித்துக் கால்சியம் குளோரைடு ஆக்குகிறது, அதுவும் ஓர் உப்பு, காற்றில் இருக்கிற ஈரத்தைக்கூட இழுத்து வைத்துக்கொள்ளும். உப்பை எடுக்க உப்பைப் பூசுகிற கூத்து!

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கேட்டைத் திறந்து தெருவில் நின்று பாருங்களேன், ஒரு காலத்தில் வீட்டுக்குள் படி ஏறிப் போயிருப்பீர்கள், ரோட்டு மேலேயே ரோடு போட்டு இப்போது இறங்கிப் போகிற நிலைமையாக இருக்கலாம். அடிச்சுவரில் ஓதம் (மண்ணிலிருந்து ஏறுகிற ஈரம்) ஏறாமல் தடுக்கப் போட்ட பட்டை ஒன்று இருந்தால்கூட, அது இப்போது மண்ணுக்குள் புதைந்திருக்கும். காம்பவுண்டு சுவருக்குப் பலர் அதைப் போடுவதே இல்லை என்பது வேறு விஷயம். சுவரை ஒட்டிச் செடி வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறீர்களா, துவைக்கிற கல் பக்கத்தில் இருக்கிறதா, அதையும் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு முழம் பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி 2 நாள் விடுங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்துதான் வருகிறது.

சுவரை ஒட்டிய மண்ணை வெட்டி இறக்குங்கள், செடிகளைத் தள்ளி வையுங்கள். உப்பி நிற்கிற பெயிண்டைச் சுரண்டிவிட்டு, உப்பைக் காய்ந்த நார் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள், தண்ணீர் தொடக் கூடாது. கீழே ஒரு பழைய சாக்கை விரித்து, விழுகிற தூளை அள்ளிக் கொண்டுபோய் வேறு எங்காவது கொட்டுங்கள், அங்கேயே விழுந்தால் அடுத்த மழைக்கு அதே உப்பு சுவரில் ஏறும். வாரம் ஒரு தடவை இப்படிச் செய்தபடி சித்திரை, வைகாசி வெயிலைச் சுவர் முழுக்க வாங்கட்டும். பூப்பது நின்ற பிறகு சுண்ணாம்பு அடியுங்கள். பளபளப்பு இருக்காது, ஆனால் சுவர் மூச்சுவிடும்.

கேள்வி: வீட்டு முன்பக்கம் பூச்சு இல்லாமல் செங்கல் தெரிகிற மாதிரி கட்டி 6 மாதம் ஆகிறது. செங்கல் மேல் வெள்ளைத் தூள். சில இடுக்குகளில் வெள்ளையாக வழிந்து கல் மாதிரி இறுகியிருக்கிறது. செங்கல் மோசமா?
– ஒத்தக்கடை வாசகர்

பதில்: தூள் வேறு, வழிந்து இறுகியது வேறு. புதுக் கட்டடத்தில் தூள் பூப்பது சகஜம், தேய்த்துவிட்டுக்கொண்டே இருங்கள், கட்டும்போது உள்ளே போன தண்ணீர் காயக் காயக் குறைந்துவிடும். இறுகியது சிமெண்டிலிருந்து கரைந்து வந்த சுண்ணாம்பு, காற்றுப் பட்டுக் கல்லாகிவிட்டது. அதற்கு மேலே எங்கோ தண்ணீர் உள்ளே இறங்குகிறது, கைப்பிடிச் சுவரின் தலையில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்து அடைத்துவிடுங்கள். இந்தக் கறைக்கு மட்டும், சுரண்டியும் போகவில்லை என்றால், ஒன்றுக்குப் பத்துப் பங்கு தண்ணீரில் ஆசிட்டை ஊற்றி (தண்ணீரை ஆசிட்டில் ஊற்றாதீர்கள்), கையுறையும் கண்ணாடியும் போட்டு, சுவரை நன்றாக நனைத்த பிறகு தொட்டுத் தேய்த்து உடனே கழுவிவிடுங்கள்.

செங்கல் சந்தேகம் தீர, மிச்சம் கிடக்கிற கல் ஒன்றைத் தட்டில் நிறுத்தி 25 மில்லிமீட்டர் உயரத்துக்கு பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் விடுங்கள். போர் தண்ணீர் விட்டால் அதன் உப்பே பூத்து உங்களை ஏமாற்றிவிடும். தண்ணீர் இழுத்துக் காய்ந்ததும் இன்னொரு தடவை அதேபோல. செங்கலுக்கான இந்தியத் தரக் குறிப்பு ஐ.எஸ். 3495-ல் உள்ள சோதனைதான் இது. கல்லின் பரப்பில் 10 சதவீதத்துக்குள் மெல்லிசாகப் பூத்தால் லேசு, 50 சதவீதத்தைத் தாண்டினால் அது உப்பு அதிகமுள்ள கல், அடுத்த லோடை வேறு சூளையில் எடுங்கள்.

கேள்வி: தாத்தா கட்டிய சுண்ணாம்புச் சுவர். அடியில் உப்பு அரித்ததால் 3 அடிக்கு சிமெண்ட் பூசினோம். இப்போது அதற்கு மேலே அரிக்கிறது.
– மேலூர் வாசகர்

பதில்: அரிக்கத்தான் செய்யும். சிமெண்ட் வழியாக வெளியேற முடியாத ஓதம் மேலே ஏறிப் பூச்சு முடிகிற இடத்தில் வெளியே வருகிறது. சிமெண்டை உடைத்து எடுத்துவிட்டு, சுவர் காய்ந்ததும் ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்று குழைத்துப் பூசுங்கள். இந்தப் பூச்சு உப்பை உறிஞ்சிக்கொண்டு சில வருஷத்தில் தானே உதிரும். உதிர்ந்தால் திரும்பப் பூசிக்கொள்ளலாம், செங்கல் தப்பித்துவிடும். "ஒரு சட்டி சிமெண்டும் சேர்த்துக்கிட்டா கெட்டியா நிக்கும்ணே" என்பார் கொத்தனார், அந்தச் சட்டியை மட்டும் வாங்கிக் கீழே வைத்துவிடுங்கள்.