பன்றிக்கறி தொடாதவனுக்கு மூளையில் பூச்சியா?

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் காய்கறி லோடு ஓட்டுகிறான். போன மாதம் வலிப்பு வந்தது. ஸ்கேனில் மூளையில் ஒரு பூச்சிக்கட்டி என்றார்கள். எங்கள் வீட்டில் பன்றிக்கறி தொடுவதே இல்லை. வலிப்பு மாத்திரை கொடுத்துவிட்டு, கண் பரிசோதனை, ஸ்டீராய்டு, அப்புறம்தான் பூச்சி மாத்திரை என்கிறார் டாக்டர். பள்ளிக்கூடத்தில் தரும் பூச்சி மாத்திரையை நாங்களே வாங்கிக் கொடுத்தால் என்ன?
- ஒரு தாய், கோத்தகிரி

பதில்: வேண்டவே வேண்டாம் அம்மா. பள்ளியில் தருவது அல்பெண்டசோல் 400 மி.கி., ஒரே வேளை, குடல் புழுவுக்கு. மூளைக்கும் அதே மருந்துதான். ஆனால் எடையில் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் தினமும், ஒன்றிரண்டு வாரம், சாப்பாட்டோடு.

உயிரோடு இருக்கும்வரை பூச்சி உடம்பை ஏமாற்றிக்கொண்டு சத்தமில்லாமல் கிடக்கும். சாகும்போதுதான் சுற்றியுள்ள மூளை வீங்கும், வலிப்பு வரும். பூச்சியைக் கொல்லும் மருந்து அந்த வீக்கத்தைக் கூட்டும் என்பதால் ஸ்டீராய்டு முன்னால் போகிறது. கண்ணுக்குள்ளும் ஒன்று இருந்து அது செத்தால் பார்வைக்கே ஆபத்து. கண் டாக்டரிடம் அனுப்பியவர் விவரமானவர், அவரை விட்டுவிடாதீர்கள். கட்டி சுண்ணாம்பாக இறுகிப்போயிருந்தால் பூச்சி மாத்திரை தேவையில்லை. மூளை முழுக்க வீங்கியிருந்தால் அந்த மாத்திரையைத் தொடவே கூடாது. மூளைக்குள் நீர் ஓடும் பாதையைக் கட்டி அடைத்தால் ஆபரேஷன்தான். டி.பி. கட்டியும் ஸ்கேனில் இப்படியே தெரியும். ஆகவே மறு ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள்.

பன்றிக்கறியால் வருவது குடலில் நாடாப்புழு. மூளைக்குப் போவது, அந்தப் புழுவின் முட்டையை விழுங்கினால் குடலில் பொரித்து வரும் குஞ்சுப்புழு. முட்டை வெளியேறுவது மனித மலத்தில். நம் பையன்கள் தோட்டத்தில் கேரட்டைப் பிடுங்கி, தழையை முறுக்கி எறிந்து, மண்ணைப் பேண்டில் துடைத்துவிட்டு அங்கேயே கடிக்கிறார்கள். யாரோ வெளிக்குப் போன வரப்பாக இருந்தால்? சைவக்காரர்களுக்கும் இது வரும். நாடாப்புழு உள்ளவர் கை கழுவாமல் சமைத்தாலும் வரும். அதனால் வீட்டில் எல்லோருக்கும் மலப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

வலிப்பு மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது. கட்டி கரைந்தாலும் டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. லோடு ஓட்டுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்: டாக்டர் அனுமதிக்கும்வரை ஸ்டீயரிங் பக்கம் போகக் கூடாது. மேட்டுப்பாளையம் இறக்கத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவில் வலிப்பு வந்தால் போவது அவன் உயிர் மட்டுமல்ல. முதலாளியிடம் நீங்களே பேசுங்கள். அவன் சொல்ல மாட்டான்.